தரையிலிருந்து வரும் வெளிச்சம்

மேடம், இந்த அறையில் டியூப்லைட்டை மாட்டியவர் யோசிக்காமல் மாட்டியிருக்கிறார். உங்கள் தலைக்கு நேர் மேலே எரிவதால் புருவத்தின் நிழல் கண்ணில் விழுகிறது. பல நாள் தூங்காதவர்போலத் தெரிகிறீர்கள். கொஞ்சம் முன்னால் தள்ளி மாட்டினால் முகத்துக்குக் களை வந்துவிடும். குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். வாழ்நாள் முழுக்க முகங்களையே பார்த்துப் பழகிய கண், பார்த்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். மறைக்க எனக்கு எதுவும் இல்லை, இதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பெயர் ராஜதுரை. சொந்த ஊர் உடன்குடி. வீட்டில் எல்லாரும் கருப்பட்டி வியாபாரம். எனக்கு வியாபாரம் வரவில்லை, படம் வந்தது. தூத்துக்குடிக்கு வந்து ஒரு போட்டோ ஸ்டுடியோவில் டச்சிங் வேலையில் சேர்ந்தேன். கம்ப்யூட்டர் வராத காலம். நெகட்டிவின்மேல் மெல்லிய பென்சிலால் தொட்டுத் தொட்டு அம்மைத் தழும்பை அழிப்பேன், மாறுகண்ணை நேராக்குவேன், கன்னம் ஒட்டிய பெண்ணுக்குச் சதை வைப்பேன். அந்தப் படங்களைப் பார்த்து முடிந்த கல்யாணங்கள் இந்த ஊரில் நிறைய. கம்ப்யூட்டர் வந்ததும் ஸ்டுடியோக்காரர் என்னை மரியாதையாக அனுப்பிவைத்தார். பிறகு வீட்டிலேயே கரியால் படம் வரைந்து கொடுத்தேன். பெரும்பாலும் இறந்தவர்களின் படம், மாலை போட்டு மாட்டுவதற்கு. இறந்தவர்கள் குறை சொல்வதில்லை. உறவினர்கள்தான் சொல்வார்கள், அப்பாவுக்கு மூக்கு இவ்வளவு பெரிசில்லை என்பார்கள். நான் திருத்திக் கொடுத்துவிடுவேன்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்காள் சென்னையில் இருக்கிறாள், பொங்கலுக்குப் பொங்கல் போன் செய்வாள். மட்டக்கடைப் பக்கம் தெருவைப் பார்த்த ஒரு அறை, பின்னால் ஒரு சமையல் மூலை. இதுதான் என் வீடு. சில சமயம் இரண்டு மூன்று நாள் யாரோடும் பேசியிருக்க மாட்டேன். தொண்டை வேலை செய்கிறதா என்று சந்தேகம் வரும். அப்போது சிம் கம்பெனியின் கஸ்டமர் கேருக்குப் போன் செய்வேன். "சொல்லுங்கள் சார், நான் உங்களுக்கு எப்படி உதவலாம்" என்று ஒரு பெண் கேட்பாள். நெட் மெதுவாக இருக்கிறது என்பேன். என்னிடம் நெட்டே கிடையாது. அந்தப் பெண் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள், அதைக் கேட்கத்தான். சிரிக்க வேண்டுமானால் சிரியுங்கள், எனக்கே சிரிப்பு வரும்.

பிளாரன்ஸ் என் வீட்டுக்கு வந்தது இருபத்துமூன்றாம் வருடத்து வெள்ளத்துக்குப் பிறகு. திரேஸ்புரத்தில் வீடு, மார்க்கெட்டில் மீன் விற்பவர். கணவர் இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஒரே மகன் செல்வின். பிறவியிலேயே காது கேளாது, பேச்சும் வராது. எழுதப் படிக்க யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மீன் வண்டியில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை பார்த்தான். மழை கொட்டிய அன்று ஏரல் பக்கம் போன வண்டி வெள்ளத்தில் மாட்டிக்கொண்டது. டிரைவர் ஒரு மாடியில் ஏறித் தப்பித்துத் திரும்பி வந்துவிட்டான். செல்வின் வரவில்லை.

அவனுடைய படம் எதுவும் மிஞ்சவில்லை. கட்டிலுக்குக் கீழே டிரங்குப் பெட்டியில் இருந்த போட்டோக்கள் எல்லாம் தண்ணீரில் ஊறி, ஒன்றோடொன்று ஒட்டி, பிளாரன்ஸ் கொண்டுவரும்போது ஒரே கட்டியாக இருந்தன. பிரித்தால் வெறும் வெள்ளைத் தாள்தான் வந்தது. ஆதார் எடுக்கப் போன இடத்தில் கண்ணுக்கு நேராக மிஷினை வைத்ததும் பயந்து ஓடி வந்தவன் செல்வின், அதனால் அதுவும் இல்லை. அக்கம்பக்கத்தார் போனில் தேடிப் பார்த்ததில், மாதா கோயில் திருவிழாவில் எடுத்த ஒரு படம் கிடைத்தது. அதில் யாரோ ஒருவரின் தூக்கிய கைக்குப் பின்னால் அவன் முகம் பாதி தெரிந்தது. வலது பாதி.

"பாதி இருக்கு அண்ணாச்சி. மீதிய நான் சொல்லுதேன், நீங்க வரைங்க" என்றார்.

எனக்கும் செல்வினைத் தெரியும். பெட்டி இறக்கிவிட்டுத் திரும்பும்போது என் ஜன்னலில் வந்து நிற்பான். நான் வரைவதை வேடிக்கை பார்ப்பான். நான் தலை நிமிர்ந்தால் சிரித்துவிட்டுப் போய்விடுவான். ஆனால் தினமும் பார்க்கும் முகத்தை நாம் பார்ப்பதே இல்லை. காகிதத்தின் முன்னால் உட்கார்ந்தபோது ஜன்னல் கம்பிதான் ஞாபகம் வந்தது, முகம் வரவில்லை. அதனால் பிளாரன்ஸ் சொன்னதைக் கேட்டுத்தான் வரைந்தேன்.

மார்க்கெட் வேலை முடிந்து, குளித்து, வேறு சேலை கட்டிக்கொண்டு மதியத்துக்குமேல் வருவார். ஸ்டூலில் உட்கார்ந்து படத்தைப் பார்ப்பார். இடது கன்னத்தில் சின்ன வயதில் தூண்டில் முள் கிழித்து ஒரு குழி இருக்கிறது என்றார். வைத்தேன். ஆழமாகிவிட்டது என்றார். குறைத்தேன். கண் சரியில்லை என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார். என்ன சரியில்லை என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. ஒரு நாள் திடீரென்று பிடிபட்டது.

"அவன் ஆளோட கண்ணப் பாக்க மாட்டான் அண்ணாச்சி. வாயத்தான் பாப்பான். காது கேக்காதுல்லா."

கண்மணியில் உள்ள வெள்ளைப் பொட்டைக் கொஞ்சம் கீழே இறக்கினேன். பார்வை தாழ்ந்தது. பிளாரன்ஸ் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

இங்கே வெளிச்சத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், பின்னால் தேவைப்படும். நம் ஊரில் வெளிச்சம் மேலேயிருந்து மட்டும் வருவதில்லை. கடற்கரை மணலும் உப்பளமும் வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும். மற்ற ஊர்க்காரர்களுக்குத் தாடைக்குக் கீழே நிழல் இருக்கும். திரேஸ்புரத்துக்காரனுக்கு அங்கேதான் வெளிச்சம். செல்வினை அப்படித்தான் வரைந்தேன். கன்னத்துக் குழியின் அடி விளிம்பு பளிச்சென்றும், மேல் விளிம்பு மெல்லிய சாம்பல் நிறத்திலும் இருக்கும். என் வாழ்க்கையில் நான் வரைந்ததிலேயே நல்ல படம் அதுதான்.

அந்தப் படத்தை வைத்து 'காணவில்லை' நோட்டீஸ் போட்டது அனுஜா. மணப்பாட்டுப் பெண், இங்கே விடுதியில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறாள், வெள்ள நிவாரண வேலைக்கு வந்தவள். சுவரில் ஒட்டும் நோட்டீஸில் வயசுப் பெண்ணின் நம்பர் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். பிளாரன்ஸின் போன் தண்ணீரில் போய்விட்டது. அதனால் என் நம்பர். அப்போது என் மனதில் எந்தக் கள்ளமும் இல்லை, நல்லதற்குத்தான் சொன்னேன்.

முதல் முறை ஜெராக்ஸ் எடுத்ததும் அனுஜா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள். என் மெல்லிய சாம்பல் நிறங்களெல்லாம் மிஷினில் காணாமல் போய், கன்னத்துக் குழியும் போய், செல்வின் வெளுத்த இட்லி மாதிரி இருந்தான்.

"சார், படம் சூப்பரா இருக்கு. ஆனா லைட்டும் கான்ட்ராஸ்ட்டும் பத்தல. வாட்ஸ்அப்ல போட்டாலும் மங்கலாத்தான் தெரியுது. கொஞ்சம் கருப்ப கூட்டுங்க சார்."

அவள் சொன்னது சரி. கூட்டினேன். மாற்றிய படம் பல ஊர்களுக்குப் போனது. பிளாரன்ஸ் ஒவ்வொரு நாளும் வந்து, "போன் வந்துச்சா அண்ணாச்சி" என்று கேட்பார். பிறகு படத்தில் ஏதாவது திருத்தம் சொல்வார், நானும் தொட்டுக் கொடுப்பேன். பேச்சு வேறு எங்கேயாவது போகும். எந்தப் படகில் என்ன மீன் பட்டது, எந்த வீட்டில் என்ன சண்டை. வரும்போது ஒரு தூக்குவாளியில் குழம்பு கொண்டுவருவார். நான் சோறு மட்டும் வடித்துவைத்திருப்பேன். ஒரு நாள் நான் கூடச் சிரித்துவிட்டேன், சத்தமாக. என் சிரிப்பு எப்படி இருக்கும் என்று எனக்கு மறந்துபோயிருந்தது.

அவர் என்னைப் பார்க்க வரவில்லை, படத்தைப் பார்க்கத்தான் வந்தார். அது எனக்கு நன்றாகத் தெரியும். இந்த வயதில் எனக்கு வேறு நினைப்பும் இல்லை, நீங்கள் அப்படி எழுதிவிட வேண்டாம். மதியம் கதவைத் தட்ட ஒரு ஆள் இருந்தார். அது போதுமாக இருந்தது.

கோடைக்குப் பிறகு போன் வந்தது. அருப்புக்கோட்டை தாண்டி, நாற்கரச் சாலை ஓரத்தில் ஒரு காப்பகம். அங்கே வேலை பார்க்கும் பேச்சிராஜா பேசினார். ரோட்டில் திரிந்த ஊமைப்பையன் ஒருவனைப் போலீஸ் கொண்டுவந்து விட்டிருக்கிறது, நோட்டீஸைப் பார்த்தால் அவன் ஜாடை தெரிகிறது, வந்து பாருங்கள் என்றார். நான் பிளாரன்ஸிடம் சொல்லவில்லை. இல்லையென்று ஆகிவிட்டால் தாங்கமாட்டார், பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். அதுவும் உண்மை.

அது செல்வின்தான். தாடி வளர்ந்திருந்தது, மெலிந்திருந்தான். வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தவன் என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடிவந்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு, காற்றில் படம் வரைவதுபோல் விரலை ஆட்டிக் காட்டினான். சிரித்தான். அவன் கண்ணில் தண்ணீர் வந்தது.

"உங்களத் தெரிஞ்சவன் மாதிரி சிரிக்கானே" என்றார் பேச்சிராஜா.

"எல்லாரையும் பார்த்தால் இப்படித்தான் சிரிப்பான்போல" என்றேன். "நாங்கள் தேடுகிற பையன் இவன் இல்லை."

எப்போது முடிவு செய்தீர்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. வார்த்தை முதலில் வந்துவிட்டது, காரணம் பஸ்ஸில் திரும்பும்போதுதான் வந்தது. இவனைக் கூட்டிக்கொண்டு போனால் இன்று மதியம் பிளாரன்ஸ் அழுவார், என் காலில் விழுவார், ஊரெல்லாம் என்னைப் புகழும். நாளை மதியம் வீட்டில் மகனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருப்பார். எதற்கு என் வீட்டுக்கு வரப்போகிறார்? காரியம் ஆனதும் கழற்றிவிடுகிறவர் இல்லை அவர், பாசமானவர்தான். எப்போதாவது வருவார். எனக்கு எப்போதாவது போதாது. காப்பகம் சுத்தமாக இருந்தது. வேளாவேளைக்குச் சாப்பாடு, நிறைய ஆட்கள், நிழலுக்கு மரம். அவனுக்கு அங்கே ஒரு குறையும் இல்லை என்று தோன்றியது. கொஞ்ச நாள் கழித்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து அனுஜா மறுபடி வந்தாள். வேறு சில காப்பகங்களிலிருந்து படம் இன்னும் தெளிவாக வேண்டும் என்று கேட்கிறார்களாம். புதிதாக ஒன்று வரைந்து தர முடியுமா என்றாள்.

மேடம், அந்தப் படத்தில் நான் முகத்தின் கோடு ஒன்றைக்கூட மாற்றவில்லை. பழைய நோட்டீஸையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து பாருங்கள். மூக்கு அதே மூக்கு, தாடை அதே தாடை. வெளிச்சத்தை மட்டும்தான் மாற்றினேன். தரையிலிருந்து வந்த வெளிச்சத்தை அணைத்துவிட்டு, ஸ்டுடியோவில் வைப்பதுபோல் வலது பக்கம் மேலே ஒரு விளக்கை வைத்தேன். தாடைக்குக் கீழே நிழல் வந்தது. இடது கன்னம் முழுக்க இருட்டில் போனது, கூடவே குழியும் போனது. கருப்பைக் கூட்டச் சொன்னார்கள், கூட்டினேன். கண்ணில் இருந்த வெள்ளைப் பொட்டு விளக்கு இருக்கும் பக்கம்தானே இருக்க வேண்டும்? மேலே ஏற்றினேன். பார்வை நிமிர்ந்தது. கேட்டதைத்தான் செய்தேன். யாரிடம் காட்டினாலும் நல்ல படம் என்றுதான் சொல்வார்கள். அனுஜாவும் சொன்னாள். நோட்டீஸில் அடையாளமாகக் கன்னத்துக் குழி என்று எழுதியிருந்தது அப்படியே இருந்தது, அதை நான் தொடவில்லை.

பிளாரன்ஸ் மட்டும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எம் மவன் இல்லையே அண்ணாச்சி. இவன் என் கண்ணப் பாக்கானே."

"வெளிச்சம் மாறினால் முதலில் அப்படித்தான் தோன்றும். பழைய படம் ஜெராக்ஸில் வரவில்லை. இது எல்லாருக்கும் தெரியும்" என்றேன்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். ஆனால் மறுநாள் வந்து புருவம் சரியில்லை என்றார், அதற்கு மறுநாள் உதடு சரியில்லை என்றார். குறை வெளிச்சத்தில் இருந்தது, அவர் உதட்டிலும் புருவத்திலும் தேடிக்கொண்டிருந்தார். நானும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டுக் கொடுத்தேன், ஒரு நாளும் முழுதாகச் சரியாக்கவில்லை. முடிந்த படத்தைப் பார்க்க யாரும் தினமும் வரமாட்டார்கள். பழைய படத்தை அழித்துவிட்டேன். திருவிழாப் படமும் என் போனில்தான் இருந்தது, முதலில் அதை வைத்திருந்த பையன் போனை மாற்றிவிட்டான். அதையும் அழித்தேன். இரண்டும் இருந்தால் அவருக்குக் குழப்பம்தான்.

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். பெற்ற தாயின் ஞாபகம் அம்மியைவிட இலேசானது என்று அந்த வருடம் தெரிந்துகொண்டேன். அதில் எனக்குச் சந்தோஷமில்லை, நம்புங்கள். ஒரு நாள் படத்தைத் துடைத்துக்கொண்டே, "இப்பல்லாம் என்னையே பாக்கான் அண்ணாச்சி. முன்னால இப்பிடிப் பாக்கவே மாட்டான்" என்று சிரித்தார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. நான் அழகாகத்தான் வரைந்திருந்தேன். அந்த அழகான பையன்தான் தன் மகன் என்று அவர் மெல்ல ஏற்றுக்கொண்டார். கன்னத்துக் குழியைப் பற்றி அதற்குப்பிறகு பேசவே இல்லை.

செல்வினை நான் கைவிட்டேன் என்று நீங்கள் சொன்னது தவறு. மாதம் தவறாமல் போய்ப் பார்த்தேன். ஒருவனைத் தேடி வந்து இத்தனை பேரைப் பார்த்தேன், இவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும்போல இருக்கிறது என்று பேச்சிராஜாவிடம் சொன்னேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லாருக்கும் நம் ஊர் முந்திரி இனிப்பு, மக்ரூன், வாங்கிப் போவேன். அங்கே எனக்கு மக்ரூன் ஐயா என்றே பெயர். செல்வினுக்குச் சட்டையும் வாங்கிக் கொடுத்தேன். ஒரே ஒரு சங்கடம்தான். நான் போகிற ஒவ்வொரு முறையும் அவன் உள்ளே ஓடிப்போய்த் தன் துணிகளை ஒரு கட்டைப்பையில் எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றுவிடுவான். ஆட்கள் பையை வாங்கிக்கொண்டு அவனை உள்ளே கூட்டிப்போவார்கள். அழுது அடம்பிடிக்கிறவன் இல்லை. அடுத்த மாதம் மறுபடியும் பையோடு வந்து நிற்பான்.

இந்த வருடம் ஒரு முறை போனபோது எல்லாருக்கும் முகம் மழித்திருந்தார்கள். பேச்சிராஜா என்னைத் தனியாக அழைத்தார்.

"ஐயா, அந்த நோட்டீஸ்ல கன்னத்துல குழின்னு போட்டிருந்துச்சே. இவனுக்கும் இருக்கு பாருங்க."

செல்வின் பையோடு பக்கத்தில்தான் நின்றான். நான் பதறவில்லை. போனில் புதிய படத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "முகத்தைப் பாருங்கள். ஒத்துவருகிறதா?" என்றேன்.

அவர் படத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். நேரம் எடுத்துக்கொண்டு, மனசாட்சியோடு பார்த்தார். "இல்லங்கய்யா. இது வேற ஆளுதான்" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார்.

செல்வின் எட்டி அந்தப் படத்தைப் பார்த்தான். தன் கன்னத்துக் குழியில் விரலை வைத்தான். பிறகு அதே விரலைப் படத்தின் கன்னத்தில், அந்தக் கருப்பில் வைத்தான். வைத்துக்கொண்டே நிமிர்ந்து என் வாயைப் பார்த்தான். நான் ஏதோ சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தான்.

நான் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, பிளாரன்ஸ் வருவதற்குள் வீட்டில் இருக்க வேண்டும்.

கடைசி சீட்டில்தான் இடம் கிடைத்தது. பஸ் நகர்ந்ததும் கண்டக்டர் பின்பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"பெரியவரே, பையத் தூக்கிட்டு ஒருத்தன் ஓடியாரான். உங்க ஆளா? நிப்பாட்டச் சொல்லட்டுமா?"

திரும்பிப் பார்த்தேன். சாலையின் நடுவில் வந்துவிட்டிருந்தான். பை ஒரு கையில். இன்னொரு கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூடினான். அவனுக்குப் பின்னால் லாரி வருவது எனக்குத் தெரிந்தது. ஹாரன் எங்கள் பஸ்ஸுக்குள்ளேயே கேட்டது. அவனுக்குத்தான் கேட்காதே.

"தெரியாது" என்றேன்.

கண்டக்டர் விசிலைக் கையில் எடுத்திருந்தவர் விட்டுவிட்டார். அப்போது ஊதியிருந்தால் பஸ் நின்றிருக்கும், அவன் ஓரத்துக்கு வந்திருப்பான் என்று நீங்கள் சொல்கிறீர்கள். இருக்கலாம். பஸ் ஒரு வளைவில் திரும்பிவிட்டது. நான் எதையும் பார்க்கவில்லை. பிரேக் சத்தம் மட்டும் கேட்டது. அன்று பிளாரன்ஸ் சாளைக் குழம்பு கொண்டுவந்திருந்தார். நன்றாக இருந்தது, இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டேன்.

சில நாள் கழித்து அனுஜா போனை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கே வந்தாள். அடையாளம் தெரியாத ஆண் சடலம் என்று போலீஸ் அனுப்பிய படம். தலையிலிருந்து இடது கன்னம்வரை கட்டுப் போட்டிருந்தார்கள். பிளாரன்ஸ் ஸ்டூலில் இருந்தார். அனுஜா தயங்கித் தயங்கி, "ஆன்ட்டி, மனசத் திடப்படுத்திக்கிட்டு ஒருதடவ பாத்துருங்க" என்றாள்.

உண்மையைச் சொல்கிறேன், அப்போதுதான் எனக்கு முதல் முறையாகப் பயம் வந்தது. கையிலிருந்த கரித்துண்டு ஒடிந்துவிட்டது. பிளாரன்ஸ் போனை வாங்கித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். பிறகு எழுந்துபோய்ப் பலகையில் இருந்த என் படத்தின் பக்கத்தில் அதை வைத்துப் பார்த்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இல்லம்மா. எம் மவன் மொகமா இது? இது வேற யாரோ" என்றார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். "யாரு பெத்த புள்ளையோ. அவன் ஆத்தாளுக்குத் தெரியுமோ தெரியாதோ."

அன்று மாலை மாதா கோயிலுக்குப் போய், அந்த யாரோ பெற்ற பிள்ளைக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாராம். மறுநாள் வந்து சொன்னார். கேட்பதற்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. உரிமை கோர ஆள் இல்லையென்று உடலை அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள் என்பதை நீங்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். என்னைத் தேடி வந்ததும் சரிதான். பேச்சிராஜா நல்ல மனிதர், மாதாமாதம் அவனைப் பார்க்க வந்த மக்ரூன் ஐயாவைப் பற்றி உங்களிடம் சொல்லாமல் இருப்பாரா? அந்தக் கண்டக்டருக்கும் என் முகம் ஞாபகம் இருந்திருக்கிறது. முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்கிறவர்கள் இந்தக் காலத்தில் குறைவு.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். செல்வின் உயிரோடு இருக்கிறான் என்று எனக்கு ஒரு வருடத்துக்குமேல் தெரியும். தெரிந்தேதான் இல்லை என்றேன். அவன் தாய்க்கு அவன் முகத்தைத் தெரியாமல் செய்தது நான்தான். வெளிச்சத்தால்தான் செய்தேன், அதுவும் தெரிந்தே. பஸ்ஸை நிறுத்தலாமா என்று கேட்டபோது, லாரியைப் பார்த்துக்கொண்டே தெரியாது என்றேன். கையெழுத்துப் போடுகிறேன்.

பிளாரன்ஸ் வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்திருப்பதாக உங்கள் ரைட்டர் சொன்னார். என்னை எதற்குக் கூட்டி வந்தார்கள் என்று தெரியாமல், எனக்காக அழுதுகொண்டிருக்கிறாராம். அவரிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்த நிமிடம்வரை அவர் மகன் எங்கேயோ உயிரோடு இருக்கிறான், அழகாக இருக்கிறான், அவர் கண்ணைப் பார்க்கிறான். சட்டப்படி சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால், சொல்லும்போது என்னை அவர் பக்கத்தில் உட்கார வையுங்கள். அந்த நேரத்தில் ஆறுதல் சொல்ல ஒரு ஆள் வேண்டாமா மேடம்? என்னை விட்டால் அவருக்கு யார் இருக்கிறார்கள்?